நவம்பரில் வரும் வசந்தம்

பூமியின் தென்பாதியில் வசந்தம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முதிர்கிறது. வடபாதியின் மக்கள் பெட்டிக்குள் கிடந்த கம்பளி ஆடைகளைத் தேடி எடுக்கும் அந்த நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமையன்று, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மாநகரம் தன் காரியாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் மூடிவிட்டு, மரிபிர்னாங் ஆற்றங்கரையிலுள்ள ஃப்ளெமிங்டன் பந்தயத்திடலின்மீதே கண்ணையும் காதையும் வைத்திருக்கிறது. 1861ஆம் ஆண்டில் தொடங்கிய மெல்பர்ன் கோப்பைப் பந்தயம், 3,200 மீட்டர் தூரத்தை மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் ஓடி முடித்துவிடுகிற காரியந்தான். ஆனால் அந்த மூன்று நிமிஷத்துக்கு முன்னும் பின்னுமாக, முந்திய சனிக்கிழமையில் டெர்பி, பிந்திய வியாழக்கிழமையில் ஓக்ஸ், அதையடுத்த சனிக்கிழமையில் நிறைவு நாள் என்று நான்கு நாட்கள் விரிகிற அந்தத் திருவிழாவில், குதிரைகளுக்கு அடுத்தபடியாக, சில வேளைகளில் குதிரைகளுக்கும் முன்னதாக, ஜனங்களின் பேச்சில் இடம்பெறுவது பெண்கள் அணிந்துவரும் ஆடையே. 1895இல் அந்தத் தேசத்தில் பிரயாணம் செய்த மார்க் ட்வெயின், இரண்டு வருஷங்களுக்குப் பின் வெளியிட்ட தமது நூலில் இந்தக் கோப்பை நாளைப் பற்றி எழுதும்போது, அதற்கென்றே வெகுநாள் முன்னதாகச் சொல்லி வைத்துத் தைத்து, அந்த நாள்வரை உடுத்தாமல் பத்திரப்படுத்தி வைக்கப்பட்ட பெண்களின் ஆடைகளையும் வியந்து குறிப்பிட்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு ஒரு பெண் எதை உடுத்திச் செல்லலாம் என்ற கேள்வி எனக்குச் சிறிய கேள்வியாகத் தோன்றவில்லை. காலை பத்து மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மாலை ஆறு மணிவரை பெரும்பாலும் நின்றுகொண்டே, வெயிலிலும் காற்றிலும் ஈரப் புல்லிலும் ஆயிரக்கணக்கான கண்களின் முன்னால் ஒரு முழுப் பகலைக் கழிக்கப்போகிறவளின் சௌகரியமும் கௌரவமும் அதில் அடங்கியிருக்கின்றன. எத்தனையோ பேர் அவளுக்கு உத்தரவு போடுவார்கள்: சம்பிரதாயம் ஒன்று சொல்லும், கடைக்காரன் ஒன்று சொல்லுவான், அந்த வருஷத்து மோஸ்தர் வேறொன்று சொல்லும். இந்த உத்தரவுகளையெல்லாம் கேட்டுக்கொண்டபின், கடைசியாக அவள் யார் சொல்லுக்குக் கட்டுப்படவேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்தப் பருவத்தின் சொல்லுக்கு என்பேன். அதற்குக் காரணங்கள் உண்டு.

மெல்பர்னின் வசந்தத்தை அறிந்தவர்கள், அது ஒரே நாளில் நான்கு பருவங்களையும் காட்டிவிடும் என்று சொல்வது வழக்கம். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் தேசப்படத்திலேயே இருக்கிறது. நகரத்துக்கு வடக்கே கண்டத்தின் வறண்ட உட்பிரதேசம். தெற்கே கடலும், கடலுக்கு அப்பால் பனிக்கண்டமும். வடக்கிலிருந்து காற்று வீசும்போது அடுப்பைத் திறந்தாற்போல் உஷ்ணம் வந்து முகத்தில் அடிக்கும். அதே பகலில் தென்மேற்கிலிருந்து குளிர்ந்த மாற்றுக்காற்று புகுந்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு டிகிரி வெப்பம் இறங்கிப்போய், வெற்றுத் தோளுடன் நின்றவர்கள் நடுங்கத் தொடங்குவார்கள். 1976ஆம் வருஷத்துக் கோப்பை நாளில் பந்தயத்துக்குச் சற்று முன்பு கொட்டிய பெருமழையில் திடலே சேறாகிவிட, அந்தச் சேற்றில் ஓடி வான் டர் ஹம் என்ற குதிரை ஜயித்தது. பூப்போட்ட மெல்லிய கவுனையும் பட்டுச் செருப்பையும் அணிந்து வந்திருந்தவர்கள் அன்று என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்வது சிரமமன்று. ஆகையால் ஃப்ளெமிங்டனுக்குப் போகிறவள் உடுத்தும் ஆடை, காலையின் வெயிலுக்கு மட்டும் பதில் சொல்வதாக இருந்தால் போதாது. பிற்பகலின் காற்றுக்கும் அது பதில் வைத்திருக்கவேண்டும்.

ஆனால் அந்த ஊருக்குப் பந்தயத்தின் சம்பிரதாயங்கள் வந்து சேர்ந்தபோது பருவம் கூடவே வரவில்லை. இங்கிலாந்தின் பந்தயத்திடல்களான எப்ஸமிலும் ஆஸ்கட்டிலும் பிரபுக்குலத்தார் மிதமான ஜூன் மாதத்து வெயிலில் கடைப்பிடித்துவந்த தொப்பியும் கையுறையும் காலுறையும், கப்பலேறிப் பூமத்தியரேகையைத் தாண்டிவந்து, எந்த மாற்றமும் இல்லாமல் தென்பாதியின் வெயிலிலும் புழுதியிலும் அப்படியே சட்டமாகிவிட்டன. டெர்பி நாளுக்குக் கறுப்பும் வெள்ளையும், சட்டையில் குத்திக்கொள்ள நீலக் கார்ன்ஃபிளவர். கோப்பை நாளுக்கு மஞ்சள் ரோஜா. பெண்களின் நாள் என்று பெயர்பெற்ற ஓக்ஸுக்கு இளஞ்சிவப்பு ரோஜா. கடைசிச் சனிக்கிழமைக்குச் சிவப்பு. இவை கண்ணுக்கு இனிய ஏற்பாடுகள், யாரையும் வருத்துவதில்லை. வருத்தியது வேறு விதமான கட்டுப்பாடு. அது ஒரு நாள் பகிரங்கமாக உடைந்தது.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி, டெர்பி நாள். அப்போது உலகத்திலேயே மிகப் பிரசித்தமான மாடல் அழகியாயிருந்த ஜீன் ஷ்ரிம்ப்டன் என்ற ஆங்கிலேயப் பெண், இருபத்துமூன்று வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், ஃப்ளெமிங்டனின் உறுப்பினர் பகுதிக்குள் நுழைந்தாள். அவள் அணிந்திருந்தது கையில்லாத, இடுப்புப் பிடிப்பில்லாத, எளிய வெள்ளைக் கவுன். அதன் விளிம்பு முழங்காலுக்குச் சுமார் நான்கு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. தலையில் தொப்பி இல்லை; கையில் உறை இல்லை; காலிலும் உறை இல்லை; மணிக்கட்டில் ஆண்கள் அணிவது போன்ற கைக்கடிகாரம் ஒன்று. கூட்டம் திகைத்து மௌனமானது என்றும், பின்பு பரிகசித்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். முன்னாள் மேயரின் மனைவியான சீமாட்டி ஒருவர் பத்திரிகைகளுக்குக் கண்டனம் தெரிவித்தார். புகைப்படக்காரர்கள் தரையில் மண்டியிட்டு, காமிராவை மேல்நோக்கிப் பிடித்து, குட்டையான பாவாடையை இன்னும் குட்டையாகக் காட்டும் விதத்தில் படமெடுத்தார்கள். அந்தப் படங்கள் தேசமெங்கும், பின்பு இங்கிலாந்துவரையிலும் பரவின.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முழங்காலைப் பற்றியே எழுதுகிறார்கள். என் மனமோ அந்தத் துணியிடம் போய் நிற்கிறது. ஷ்ரிம்ப்டனை இரண்டாயிரம் பவுன் சம்பளம் பேசி ஆஸ்திரேலியாவுக்கு வரவழைத்தவர்களில் முக்கியமானது, ஆர்லான் என்ற செயற்கை இழையைத் தயாரித்த டு பான்ட் என்ற அமெரிக்க ஸ்தாபனம். செம்மறியாட்டின் முதுகில் சவாரி செய்து செல்வம் பெற்ற தேசம் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்ட, கம்பளி ஏற்றுமதியையே தன் ஜீவாதாரமாகக் கொண்டிருந்த ஒரு நாட்டுக்குள், கம்பளிக்குப் போட்டியாக வந்த இரசாயன இழையைப் பிரபலப்படுத்துவதற்காகவே அந்தப் பெண்ணும் அந்தக் கவுனும் அனுப்பப்பட்டார்கள். லண்டனில் அவளுக்குத் தைத்துக்கொடுத்த காலின் ரோல்ஃப் என்ற தையற்காரருக்கு அந்த ஸ்தாபனம் அனுப்பிவைத்த துணி போதவில்லை. போதாவிட்டால் சற்றுக் குட்டையாகத் தைத்துவிடுங்கள், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று அவள் சொல்ல, அவரும் அப்படியே தைத்தார். ஒரு யுகத்தின் நாகரிகத்தையே மாற்றியதாகக் கருதப்படும் அந்த விளிம்பு, துணிப் பற்றாக்குறையால் உயர்ந்த விளிம்பு. ஆனால் வெயில் காய்ந்த அந்தப் பகலில் ஒரு வாலிபப் பெண் தன் கைகளையும் கால்களையும் காற்றுக்குத் திறந்துவிட்டு, ஆபரணமில்லாத வெள்ளையில் வந்து நின்றாள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், திடலிலிருந்த அத்தனை பேரிலும் பருவம் அறிந்து உடுத்தியவள் அவள்தான் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

மூன்று நாட்களுக்குப் பிறகு, கோப்பை நாளன்று, அதே பெண் சாம்பல் நிறத்தில் மூன்று உருப்படிகள் கொண்ட உடுப்பும், வைக்கோல் தொப்பியும், கையுறையும், காலுறையும் அணிந்து வந்தாள். அவளைத் திருத்திவிட்டோம் என்று சிலர் திருப்தியடைந்திருக்கலாம். ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு வேலைசெய்ய வந்த ஒருத்தி தன்னை அழைத்தவர்களின் சங்கடத்தை உணர்ந்து நடந்துகொண்டதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் திருந்தியது யார் என்பதை அடுத்த சில வருஷங்கள் காட்டின: அறுபதுகள் முடிவதற்குள் அந்தத் திடலிலேயே முழங்கால்கள் சர்வசாதாரணமாகிவிட்டன.

அவளைக் கண்டித்த பெண்மணிகளையும் நாம் சிறுமைப்படுத்தலாகாது. அந்தக் காலத்தின் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு, தன் ருசியையும் தன் கைத்திறனையும் பகிரங்கமாக எடுத்துக்காட்டிப் பாராட்டுப் பெறக்கூடிய சந்தர்ப்பங்கள் எத்தனை இருந்தன? வருஷத்தில் ஒருநாள், தானே வெட்டித் தானே தைத்த ஆடையை அணிந்து, தானே மலர் வைத்துக் கட்டிய தொப்பியைச் சூடி, அந்தப் புல்தரையில் நடந்து போவது அவளுக்கு ஓர் அரங்கேற்றம். 1962இல் அங்கே நல்ல ஆடைக்கு ஒரு போட்டியை ஏற்படுத்தியபோது, பெண்களைப் பெருவாரியாகப் பந்தயத்துக்கு வரச்செய்யவேண்டும் என்ற நோக்கம் பந்தயத்தை நடத்தும் சங்கத்தாருக்கு இருந்ததென்றாலும், ஆடைக்கு ஆன செலவைக் கணக்கிட்டுக் குறைந்த செலவில் உடுத்தியவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன். பணத்தை எடைபோடாமல் திறமையை எடைபோட முயன்ற ஏற்பாடு அது. அந்தப் போட்டியில் மத்தியஸ்தம் செய்கிறவளாகத்தான் ஷ்ரிம்ப்டனும் வந்திருந்தாள். மாதக்கணக்கில் உழைத்துக் கையுறைமுதல் காலணிவரை பொருத்தம் பார்த்து வந்த பெண்களின் முன்னால், நீதி சொல்லவேண்டியவள் ஒன்றுமே அணியாதவள்போல் வந்து நின்றால், தங்கள் உழைப்பு அலட்சியம் செய்யப்பட்டதாக அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டே, பருவத்தின் கட்சியில் நான் நிற்கிறேன்.

தொப்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பந்தய நாளின் அலங்காரத்தில் வேறெங்கும் இல்லாத அளவு கலை குடிகொண்டிருப்பது அதில்தான். கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் தொப்பி அங்கே இலையுதிர் காலத்துக்குரியது. வசந்தத்துக்குரியவை வைக்கோலும், பிலிப்பைன்ஸ் தீவுகளில் வளரும், நமது வாழைக்கு நெருங்கிய உறவான அபாக்கா என்ற செடியின் நாரிலிருந்து நெய்த சினமாய் என்ற துணியும் ஆகும். அந்த நார்த்துணியைத் தொப்பிக் கலைஞர் நனைத்து, ஆவி காட்டி, மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் கையால் இழுத்து இழுத்துப் படியவைத்து, ஊசி குத்தி நிறுத்தி, உலரவிட்டு எடுக்கும்போது, சற்றுமுன் வரை தொய்ந்து கிடந்த துணி விறைத்து, இறகுபோல் இலேசாகி, ஒளியைப் பாதி விட்டுப் பாதி தடுக்கும் ஒரு குவிந்த வடிவத்தைப் பெற்றுவிடுகிறது. அகன்ற விளிம்புள்ள அத்தகைய தொப்பி வெயிலுக்கு மெய்யாகவே நிழல் தருகிறது. தொப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஃபாஸினேட்டர் என்ற சிறு தலையணியோ, ஒரு சீப்பில் இரண்டு பூவையும் ஒரு வலைத்துண்டையும் கட்டிவைத்தது. அதனால் நிழலும் இல்லை, உருவமும் இல்லை. ஆஸ்கட்டின் அரச வளாகத்தில் 2012 முதல் அதை விலக்கி, தலையணியின் அடிப்பாகம் குறைந்தது நான்கு அங்குலம் இருக்கவேண்டும் என்று விதித்தபோது, சட்டங்களில் அவ்வளவு பிரியமில்லாத நானும் அந்தச் சட்டத்தை வரவேற்றேன். தென்திசைக் காற்றடிக்கும் ஃப்ளெமிங்டனில் அகன்ற தொப்பி பறந்துபோகாதா என்று கேட்கலாம். பறக்கும், அதனால்தான் கூந்தலுக்கு அடியில் போகும்படி மெல்லிய ரப்பர் நாடாவைத் தைத்து, உட்புறம் ஒரு சீப்பையும் பொருத்துகிறார்கள். அதைச் செய்துகொள்ளாமல் புறப்படுகிறவள் பகல் முழுதும் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டியிருக்கும்.

தொப்பியில் இறகு செருகுவதைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் சீமாட்டிகளின் தொப்பிகளில் ஆடிய நுண்ணிய வெள்ளைத் தூவிகள் வெண்கொக்கினுடையவை. இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே அந்தத் தூவி பறவையின் முதுகில் முளைக்கிறது. எனவே அதைப் பெறுவதென்றால், கூட்டில் குஞ்சுகள் இருக்கும் சமயத்தில் தாய்ப்பறவையைச் சுட்டாகவேண்டும். 1906இல் மெல்பர்னைச் சேர்ந்த பறவை ஆராய்ச்சியாளரான ஆர்தர் மாட்டிங்லி, மர்ரி நதிக்கரையின் சதுப்புக் காடுகளுக்குப் போய், தாயைப் பறிகொடுத்துப் பட்டினியால் கழுத்துத் துவண்டு கூட்டின் விளிம்பில் தொங்கும் கொக்குக் குஞ்சுகளைப் படமெடுத்தார். 1907இல் எமு என்ற பறவையியல் சஞ்சிகையில் வெளியான அந்தப் படங்கள் உலகம் சுற்றின; 1911இல் லண்டன் வீதிகளில் அவற்றைப் பலகைகளில் ஒட்டி ஆட்கள் சுமந்து சென்றார்கள்; 1921இல் பிரிட்டன் இறகு இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. இன்று தொப்பிக்கு வரும் இறகுகளில் பெரும்பாலானவை உணவுக்கு வளர்க்கும் பறவைகளுடையவை என்பதை அறிவேன். ஆனாலும் அதே வசந்தத்தில், அதே நாட்டில் நடந்தது அது என்பதை நினைக்கும்போது, பட்டில் செய்த ஒரு மலரைச் சூடிக்கொள்ளும்படியே எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்வேன்.

கவுனுக்கு வருவோம். பருவம் கேட்பது வியர்வையை வாங்கிக்கொள்ளும் துணி. ஆர்லான் போன்ற செயற்கை இழை ஈரத்தை ஏற்பதே இல்லை எனலாம். மெரினோ கம்பளியோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டபின்பும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. கம்பளி என்றால் குளிருக்கென்று எண்ணுகிறவர்கள் அந்த நாட்டிலேயே விளைகிற மெல்லிய ரகக் கம்பளியில் நெய்த துணியைத் தொட்டுப் பார்த்ததில்லை. வெயிலில் அது சுடாது. மாலையில் தென்காற்று வந்தால் காக்கும். நாள் முழுதும் உட்கார்ந்து எழுந்தாலும் கசங்காது. அதற்கு அடுத்தபடியாக லினன், அதன் சுருக்கங்களைப் பொறுத்துக்கொள்ளும் மனமிருந்தால். பிறகு கெட்டியான பருத்தி. பட்டு அழகியது, ஆனால் மழைத்துளி பட்டால் அடையாளம் வைத்துக்கொள்ளும். பாவாடை முழங்காலுக்குக் கீழே சற்று இறங்கி, காற்றில் எழும்பாத கனமுள்ளதாக இருந்தால் நிம்மதி. கூடவே ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும். திடலைச் சுற்றி ஆயிரக்கணக்கான ரோஜாச் செடிகள், தோட்டக்காரர்கள் குளிர்காலத்திலேயே நாள் கணக்கிட்டுக் கிளை நறுக்கியதன் பயனாக, சரியாக அந்த வாரத்தில் பூத்து நிற்கும். அவற்றின் நடுவே பெரிய பெரிய பூப்போட்ட துணியைவிட ஒற்றை நிறத் துணிதான் எடுபடும் என்பது என் அபிப்பிராயம்.

காலணியில் பிழை செய்கிறவர்கள்தாம் அதிகம். ஊசிபோன்ற குதி புல்தரையில் இறங்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கி வைக்கவேண்டும். அகன்ற கட்டைக் குதியுள்ள, ஏற்கெனவே சில நாள் போட்டுப் பழகிய காலணி மேல். ரயிலில் வீடு திரும்புகிற கூட்டத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடக்கும் பெண்களைக் காணாத வருஷமே இல்லை. புடவை கட்டிப் போகலாமா என்று மெல்பர்னில் குடியேறிய நம்மவர்கள் யோசிக்கலாம். ஆஸ்கட்டின் அரச வளாகமே வெளிநாட்டார் தத்தம் தேசிய உடையில் வருவதை வரவேற்கிறது. தாராளமாகக் கட்டலாம், ஈரப் புல்லைக் கருதிக் கொசுவத்தை ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டினால் போதும்.

இதுவரை பந்தயத்தைப் பார்க்கப் போகிறவளின் ஆடையைச் சொன்னேன். பந்தயத்திடலில் பெண் அணிந்த துணியின் சரித்திரம் பார்வையாளர் பகுதியோடு முடிந்துவிடவில்லை. 1913ஆம் வருஷம் ஜூன் 4ஆம் தேதி, இங்கிலாந்தின் எப்ஸம் டெர்பியில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய இயக்கத்தைச் சேர்ந்த எமிலி டேவிசன் என்பவர் வேலியைக் கடந்து ஓடுபாதைக்குள் புகுந்து, மன்னரின் குதிரையான ஆன்மரால் மோதி வீழ்த்தப்பட்டு, நான்கு நாட்களுக்குப் பின் உயிர் துறந்தார். அவரிடம் இருந்தவை ஊதா, வெள்ளை, பச்சை ஆகிய மூன்று நிறங்கள் கொண்ட கொடிகள். 1908 முதல் அந்த இயக்கம் தனக்கென்று வரித்துக்கொண்ட நிறங்கள் அவை. அதற்கு நூற்றிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 2015 நவம்பர் 3ஆம் தேதி, ஃப்ளெமிங்டனில் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் என்ற குதிரையின்மேல் மிஷேல் பெய்ன் என்ற பெண் ஜாக்கி அமர்ந்தார். நூற்றுக்கு ஒன்று என்ற பந்தய விகிதத்தில் எவரும் பொருட்படுத்தாதிருந்த குதிரை அது. ஜாக்கியின் உடுப்புக்குள் ஒப்பனைக்கு இடமில்லை. அவள் அணிந்திருக்கும் உடுப்பும் சேணமும் அவளோடு சேர்த்துத் தராசில் நிறுக்கப்பட்டே குதிரை சுமக்கவேண்டிய பாரம் கணக்கிடப்படுகிறது. அந்தக் குதிரையின் சொந்தக்காரர்களுக்குரிய நிறங்களாக அன்று அவர் மேனியில் இருந்தவையும் ஊதாவும், பச்சையும், வெள்ளையுமே. 1861 முதல் அன்றுவரை எந்தப் பெண் ஜாக்கியும் ஜயிக்காத கோப்பையை அவர் ஜயித்தார். இறங்கிய சூட்டோடு, பெண்களுக்குப் போதிய வலிமையில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உரத்த குரலிலேயே பதிலும் சொன்னார்.

ஆகையால் டெர்பிக்குக் கறுப்பு வெள்ளை, ஓக்ஸுக்கு இளஞ்சிவப்பு என்று மற்ற நாட்களுக்கு நிறம் குறித்து வைத்திருப்பவள், கோப்பைச் செவ்வாய்க்கு எதை உடுத்தலாம் என்று என்னைக் கேட்டால், ஊதா நிற மெல்லிய கம்பளிக் கவுனையும், வெள்ளைச் சினமாய்த் தொப்பியையும், அதைச் சுற்றிக் கட்டப் பச்சைப் பட்டு நாடாவையும் சொல்வேன். அந்த நாளுக்குரிய மஞ்சள் ரோஜாவும் இம்மூன்றோடு நன்றாகவே பொருந்தும்.